திருப்பியனுப்பி

"எச்சில்" என்கிறார் டாக்டரம்மா, குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு. லேசாக ஓர் ஆட்டு ஆட்டிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது நுரை கட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடையில்லாமல் ஓடுகிறது. "சுத்தமான எச்சில். மேல சளின்னு எழுதி ஒட்டியிருக்காங்க. நெஞ்சுக்குள்ளேர்ந்து இருமி எடுத்த சளி இப்படியா தண்ணியா ஓடும்? வாய் கொப்பளிச்சதைப் பிடிச்சு அனுப்பியிருக்காங்க. கொண்டு போங்க ஆயாம்மா."

ஆயாம்மா நகரவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் மாடிக்கும் கீழுக்கும் சாம்பிள் சுமந்தே முழங்கால் தேய்ந்தவர் அவர். "நேத்தும் இதையேதானே சொன்னீங்க டாக்டரம்மா? மேல போனா சிஸ்டர் என்னைத்தான் முறைக்கிறாங்க. நான் என்ன பண்றது, அந்தாளு நெஞ்சுக்குள்ள பூந்தா எடுத்துட்டு வர முடியும்?"

"காலையில எழுந்ததும், எதையும் சாப்பிடறதுக்கு முன்னாடி, வெறும் தண்ணியில வாயைக் கொப்பளிச்சுட்டு, நல்லா மூச்சை இழுத்து இருமச் சொல்லுங்க. பக்கத்துல ஒருத்தர் நின்னு பாக்கணும். அவ்ளோதான். இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

குப்பி மாடிக்குத் திரும்பிப் போகிறது. அதோடு சேர்ந்து போகிறவை இன்னும் பல. மூடி சரியாக மூடாத சிறுநீர், வெயில் விழும் மேசையில் அரை நாள் கிடந்த சிறுநீர், யாருடையது என்று எழுதாத ரத்தம், புண்ணின் மேல்தோலை ஒப்புக்குத் துடைத்துவிட்டுச் சீழ் என்று பெயர் சூட்டி அனுப்பிய பஞ்சுக் குச்சி. எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதைதான். 'ஏற்பதற்கில்லை' என்று ஒரு முத்திரை, ஆயாம்மா கையில் ஒரு பை, அவ்வளவுதான். வார்டுகளில் டாக்டரம்மாவுக்குத் 'திருப்பியனுப்பி' என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. அவருக்கும் அது தெரியும். ஒருமுறை போனில் யாரோ ஒரு சின்ன டாக்டர், "திருப்பியனுப்பி இருக்காங்களா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார். "இருக்கேன், பேசுங்க" என்றார் இவர்.

அவரும் டாக்டர்தான். கிருமிகளைப் பற்றிப் படித்த டாக்டர். நோயாளிகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அவரும் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, அவர்களிடமிருந்து கசிந்ததையும் வடிந்ததையும் மட்டுமே பார்க்கிறார். துணி வெளுக்கும் அறையைத் தாண்டி, கீழ்த்தளத்து நடைபாதை முடிந்துபோகிற இடத்தில் அவருடைய லேப் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரவேற்பறை கட்டியபோது அதில் ஆளுயர மீன்தொட்டி வைக்க இடம் கிடைத்தது. லேப்புக்கு இன்னொரு ஃபிரிட்ஜ் வைக்க இடம் கேட்டபோது, பார்க்கலாம் என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

காலையில் முதல் வேலை, கிருமி வளர்க்கிற வெதுவெதுப்பான பெட்டியைத் திறந்து, முந்தைய நாள் கிருமிக்குத் தீனி போட்டு மூடிவைத்த தட்டுகளை வெளியே எடுப்பது. ரத்தச் சிவப்பில் சில, வெளிர் மஞ்சளில் சில. தட்டை யாரும் மோந்து பார்க்கக் கூடாது என்பது லேப்பின் சட்டம். அந்தச் சட்டத்தைச் சுவரில் ஒட்டியதும் அவர்தான், யாரும் பார்க்காதபோது மூடியை ஒரு விரலளவு தூக்கி மோந்து பார்ப்பதும் அவர்தான். பழுத்த திராட்சை வாசம் வந்தால் முகம் கடுகடுத்துவிடும். ஒரு பொல்லாத கிருமி அந்த வாசத்தோடுதான் வரும்.

கிருமி பரப்பிய தட்டின்மேல் பொட்டளவு காகித வில்லைகளை வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். மருந்துக்குக் கிருமி மடங்கினால் வில்லையைச் சுற்றி ஒரு வெற்று வட்டம் விழும். மடங்காவிட்டால் கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வட்டங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. வருஷத்துக்கு வருஷம் அவை சுருங்குவதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இப்போது ஒரு தட்டில் உருப்படியாக ஒரு வட்டம் தெரிந்தால் அன்று நல்ல நாள். ஒன்றுமே தெரியாத நாளில், "ஸ்கேலை எடுத்து உள்ள வைங்க, அளக்க என்ன இருக்கு?" என்பார்.

கிருமிகளுக்கு அவர் முறை வைத்துத்தான் பேசுவார். நம் குடலிலேயே பிறந்து வளர்ந்து, எப்போதாவது வழி தவறிச் சிறுநீர்ப் பைக்குள் போய் வம்பு பண்ணுகிற சாதாரணக் கிருமி அவருக்கு 'நம்ம வீட்டுப் பிள்ளை'. அதட்டினால் அடங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குள்ளேயே குடியிருந்து, போட்ட மருந்தையெல்லாம் தின்று கொழுத்து, எதற்கும் அசையாமல் கிடக்கிறதே, அது 'வீட்டோட மாப்பிள்ளை'. "அவரை யாரு கேள்வி கேக்கறது? நாமதானே தேடித் தேடிச் சாப்பாடு போட்டு உக்கார வெச்சிருக்கோம்" என்பார்.

சொந்தக்காரர்கள் மத்தியிலும் அவருக்கு நல்ல பெயர் இல்லை. குடும்பத்தில் யாருக்குத் தும்மல் வந்தாலும் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெந்நீர் குடி, ரெண்டு நாள் ஓய்வெடு, தானா போயிடும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னதில், கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "டாக்டர்னு ஒருத்தி வீட்டுல இருந்து என்ன பிரயோஜனம், ஒரு மாத்திரை எழுதிக் குடுக்க வாய் வராது" என்று கொழுந்தனார் நேரிலேயே சொல்லியிருக்கிறார். விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போகிற சாக்கில் இவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பார்ப்பார். பாதி தின்று மீதி வைத்த ஆன்டிபயாட்டிக் அட்டை அங்கே கட்டாயம் இருக்கும். "இது யாரோடது? ஏன் நடுவுல நிறுத்தினீங்க? மிச்சத்தை யாருக்காக வெச்சிருக்கீங்க?" என்று அவர் விசாரணையை ஆரம்பிக்கும்போது, கணவர் ஒன்றும் தெரியாதவர்போல வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்.

ஆனால் அவருடைய அசல் சண்டை மாடியில் இருக்கும் எலும்பு டாக்டரோடுதான். எலும்பு டாக்டர் கெட்ட மனிதர் இல்லை. நொறுங்கிப்போன மூட்டைக்கூட ஒட்டவைக்கிற கை அது. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருகிறார்கள். அவருக்கு ஒரே ஒரு நம்பிக்கை, மருந்து என்றால் இருப்பதிலேயே பெரியதாக இருக்க வேண்டும். காயம் சிவந்தால் பெரிய மருந்து, சிவக்காவிட்டால் சிவந்துவிடக் கூடாதே என்று பெரிய மருந்து. திருப்பியனுப்பியோ சின்ன மருந்து வேலை செய்கிறபோது பெரிய மருந்தின் பெயரையே ரிப்போர்ட்டில் போட மாட்டார். கேட்டால்தான் சொல்வார், அதுவும் லேசில் சொல்ல மாட்டார். "மேடம், ஏதோ நகையை மறைக்கிற மாதிரி மருந்துப் பேரை மறைக்கறீங்களே" என்று எலும்பு டாக்டர் போனில் கத்தினால், "ஆமா சார். கண்ணுல பட்டா நீங்க எடுத்துப் போட்டுக்குவீங்க" என்று இவர் போனை வைத்துவிடுவார்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் வேன்காரர் வந்து மாட்டிக்கொண்டார்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வண்டியை ஓரங்கட்டி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றவர்மேல் பின்னால் வந்த லாரி உரசியதில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு டாக்டர் தகடு வைத்து அழகாகச் சேர்த்துவிட்டார். எலும்பு சேர்ந்துகொண்டிருக்கும்போதே தையல் கசிய ஆரம்பித்தது. வார்டிலிருந்து ஒரு பஞ்சுக் குச்சி கீழே வந்தது. புண்ணின் மேலோட்டத்தில் தேய்த்தது, அதுவும் மருந்து போட்டுத் துடைத்தபிறகு தேய்த்தது, குச்சியிலேயே அயோடின் நிறம் ஏறியிருந்தது. திருப்பியனுப்பி தன் பெயருக்கு ஏற்றதைச் செய்தார். மாடியில் அதைப் பார்த்து எலும்பு டாக்டருக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. இன்னொரு சாம்பிள் அனுப்புவதாவது என்று, இருப்பதிலேயே பெரிய மருந்துகள் இரண்டை அன்றைக்கே ஏற்ற ஆரம்பித்துவிட்டார். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, கால் கசிந்துகொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் காலை மறுபடி திறந்து, சுத்தம் பண்ணி, கெட்டுப்போன எலும்பில் கொஞ்சம் வெட்டி, கிருமியை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு அனுப்பினார்கள்.

அந்த ஜாடியை ஆயாம்மா மேசையில் வைத்தபோது திருப்பியனுப்பிக்கு உண்மையிலேயே சந்தோஷம். உள்ளிருந்து எடுத்த எலும்பு! இப்படி ஒரு சாம்பிள் அந்த வார்டிலிருந்து வந்து எத்தனை காலமாயிற்று! மூடியைத் திறந்தார். திறந்த வேகத்தில் மூடினார். கண்ணிரண்டும் எரிந்து நீர் கட்டிவிட்டது.

ஆயாம்மா திட்டை எதிர்பார்த்து நின்றார். திட்டு வரவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "என்னாச்சு டாக்டரம்மா? இதுவும் சரியில்லையா?"

"ஃபார்மலின்ல போட்டு அனுப்பியிருக்காங்க."

"அப்படின்னா?"

"செத்த உடம்பு கெடாம இருக்க ஊத்துவாங்களே, அந்தத் தண்ணி. இதுல விழுந்தா ஒரு கிருமி மிஞ்சாது. இந்த எலும்புல என்ன இருந்துச்சுன்னு இனிமே கடவுளுக்குத்தான் தெரியும்."

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கட்டியோ சதையோ எது வெளியே வந்தாலும் ஃபார்மலின் ஜாடியில் போட்டுத்தான் அங்கே பழக்கம். புற்றுநோயா என்று வெட்டிப் பார்க்கிற லேப்புக்கு அது சரி. கிருமியை வளர்த்துப் பார்க்கிற லேப்புக்கு வருவது உயிரோடு வர வேண்டும் என்பது, இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில், அந்த ஜாடியைக் கையில் வாங்கிய ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு மனிதனை மயக்கிப் படுக்கவைத்து, காலைப் பிளந்து, எலும்பை வெட்டியெடுத்து, அதைப் பாடம் பண்ணி அனுப்பிவிட்டு, ஏதாவது வளருகிறதா என்று கேட்டால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"அப்போ, திருப்பிக் கொண்டு போகட்டுமா?" என்றார் ஆயாம்மா, வாய்ப்பழக்கத்தில்.

"எங்க கொண்டு போவீங்க? அந்தாளு கால்லயா திரும்ப ஒட்ட முடியும்?"

ஆயாம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "ஒட்டி என்ன ஆகப்போகுது. அந்தாளு காலையே வெட்டி எடுத்துடப் போறாங்களாம், வர்ற வெள்ளிக்கிழமை. மருந்து எதுவும் கேக்கலைன்னு எலும்பு டாக்டர் சொல்லிட்டாரு. கையெழுத்தும் வாங்கியாச்சு. அந்தப் பொண்ணு, வேன்காரர் பொண்டாட்டி, மாடிப்படியில உக்காந்து அழுதுட்டிருக்கு."

திருப்பியனுப்பி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் மாடி ஏறி யாரும் பார்த்ததில்லை. நடைபாதையில் எதிரே வந்த சலவைக்காரர் துணிவண்டியை ஓரங்கட்டி வழிவிட்டு, ஏதோ நெருப்பு பிடித்துவிட்டதென்றே நினைத்தாராம்.

வேன்காரர் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜுரத்தில் கன்னம் வற்றியிருந்தாலும் வாய்க்குக் குறைச்சல் இல்லை. யாரோ புது டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே சொன்னார். "ஆக்சிலேட்டரு, பிரேக்கு ரெண்டும் இந்தக் காலுதாம்மா. இடது காலுன்னாக்கூட வெறும் கிளட்ச்சோட போயிருக்கும். பாத்துப் பாத்து வலதுல வந்து இடிச்சிருக்கான்."

படியிலிருந்து பின்னாலேயே வந்து நின்ற மனைவி சிரிக்கவில்லை. "காலை எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்றாங்கம்மா. கால் போனப்புறம் என்னம்மா சரியாகறது? இவரு வேனைத் தவிர வேற எதையும் தொட்டதில்ல. நாலு தெருப் பிள்ளைங்களும் மாமா மாமான்னு இவரு பின்னாடியேதான் சுத்தும். நீங்களாவது உண்மையைச் சொல்லுங்க. இது என்ன வியாதி? பேரு என்ன?"

பேர் என்ன. இத்தனை நாளில் அந்தக் காலைச் சுற்றி நின்று பேசிய இத்தனை படித்தவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வியை அந்தப் பெண் கேட்டுவிட்டார். "தெரியாதும்மா. கண்டுபிடிக்கலை. அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்றார் திருப்பியனுப்பி.

எலும்பு டாக்டர் தன் அறையில் எக்ஸ்ரே ஒன்றை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரருடையதுதான். அவருக்கும் அந்தக் கால் தூக்கத்தைக் கெடுத்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

"சார், எலும்பை ஃபார்மலின்ல போட்டு அனுப்பியிருக்காங்க உங்க தியேட்டர்ல."

அவர் எக்ஸ்ரேயை விட்டுத் திரும்பினார். "கண்டிக்கிறேன். ஆனா மேடம், கல்ச்சர் வந்து மட்டும் என்ன ஆகப்போகுது? இருக்கறதுலயே பெரிய மருந்து ரெண்டும் ஓடிட்டிருக்கு. அதுக்கே அடங்கலை. இதுக்கு மேல குடுக்க என்ன இருக்கு? விட்டா ரத்தத்துல ஏறிடும். காலைப் பாக்கறதா, உயிரைப் பாக்கறதா?"

"பெரிய மருந்துன்னா எல்லாக் கிருமியும் சாகணும்னு சட்டம் இருக்கா? பெரிய சாவிங்கறதுக்காக எல்லாப் பூட்டும் திறந்துடுமா? உள்ள இருக்கறது எதுன்னே தெரியாம, இந்த மருந்து கேக்கலைன்னா எந்த மருந்தும் கேக்காதுன்னு நீங்களே எப்படி முடிவு பண்ணீங்க?"

"தெரிஞ்சுக்கத்தானே முதல்லயே அனுப்பினேன்! நீங்கதானே திருப்பி அனுப்பினீங்க?"

பஞ்சுக் குச்சி எதற்கும் உதவாதுதான். அதை வளர்த்திருந்தால் தோலில் மேய்கிற ஏதாவது ஒரு அப்பாவிக் கிருமி வளர்ந்திருக்கும், அதன் பெயரைச் சொல்லி இன்னொரு மருந்து ஏறியிருக்கும். திருப்பி அனுப்பியதில் தவறில்லை. ஆனால் முத்திரையைக் குத்தி ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டு அடுத்த குப்பியைக் கையில் எடுத்தவர் திருப்பியனுப்பிதான். அன்றைக்கே இந்தப் படியை ஏறி வந்து, எப்படி எடுக்க வேண்டும் என்று நின்று காட்டியிருந்தால்? சரியாகத்தானே செய்தோம் என்று இத்தனை நாளும் நிம்மதியாக இருந்தோமே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஆமா சார், அனுப்பினேன். அனுப்பிட்டுக் கீழயே உக்காந்திருந்தேன். அது என் தப்பு. எதையும் எடுக்காம மருந்தை ஏத்தினது உங்க தப்பு. நம்ம ரெண்டு பேர் தப்புக்கும் அந்த மனுஷன் காலைக் குடுக்கணுமா?"

எலும்பு டாக்டர் எக்ஸ்ரே விளக்கை அணைத்தார். பிறகு, "என்ன பண்ணணுங்கறீங்க?" என்றார்.

மருந்தைக் கொஞ்ச நாள் நிறுத்த வேண்டும். பிறகு திறந்து, தகட்டை எடுத்துவிட்டு, எலும்பிலும் சதையிலும் பல இடங்களிலிருந்து துண்டு எடுக்க வேண்டும். எடுப்பதை வாங்கிக்கொள்ள அவரே தியேட்டருக்குள் வந்து நிற்பார். "ஜுரம் ஏறிச்சுன்னா நான் காத்திருக்க மாட்டேன், எடுத்துடுவேன்" என்றார் எலும்பு டாக்டர். "ஏறினா நானே வந்து எடுங்கன்னு சொல்றேன்" என்றார் இவர். வெள்ளிக்கிழமை தள்ளிப்போயிற்று.

மருந்து நிறுத்திய அந்த நாட்களில் லேப்புக்குள் நுழையும் முன்பே அவர் மாடிக்குப் போய்விடுவார். வேன்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், தெர்மாமீட்டர் சொன்னது போதாமல். தட்டில் வளர்கிற கிருமியிடம் காட்டுகிற துணிச்சலை ஓர் ஆளின் உயிரில் காட்டிவிட்டோமோ என்று ஜுரக் கணக்கெழுதிய தாளை மறுபடி மறுபடி புரட்டுவார். ஜுரம் ஏறவில்லை.

தியேட்டருக்குள் அவர் செய்த அமர்க்களத்தை நர்ஸ்கள் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஃபார்மலின் ஜாடி ஒன்று விடாமல் வெளியே கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொரு துண்டையும் வெட்டி எடுத்ததும் கத்தியை மாற்றச் சொன்னார். "எனக்கே ஆபரேஷன் சொல்லித் தர்றீங்களா?" என்றார் எலும்பு டாக்டர் முகமூடிக்குள்ளிருந்து. "இல்ல சார். ஒரு துண்டுல ஒட்டினது இன்னொண்ணுல ஒட்டிச்சுன்னா, எது நிஜம் எது ஒட்டினதுன்னு நான் எப்படிப் பிரிப்பேன்? கத்தியை மாத்துங்க" என்றார். எலும்பு டாக்டர் மாற்றினார். துண்டுகள் விழுந்த குப்பிகளைத் திருப்பியனுப்பி யாரிடமும் கொடுக்காமல், கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

தட்டுகளில் முதலில் ஒன்றுமே வளரவில்லை. எலும்பு டாக்டர் போன்மேல் போன் போட்டார். "ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட் குடுத்துடுங்க மேடம், நான் என் வேலையைப் பாக்கறேன்." "இல்லைன்னு இன்னும் தெரியலை சார். தகட்டுல ஒட்டிக்கிட்டு இத்தனை மருந்துல நனைஞ்சு கிடந்தது. மெதுவாத்தான் எழுந்திருக்கும். இருங்க." மற்ற லேப்பாக இருந்தால் அதற்குள் தட்டைக் குப்பையில் போட்டிருப்பார்கள். அவர் திரும்பத் திரும்ப உள்ளே வைத்து மூடினார். ஒரு காலையில், ஒன்றல்ல, எல்லாத் துண்டுகளின் தட்டிலும் ஊசிமுனையளவு புள்ளிகள் முளைத்திருந்தன. எல்லாம் ஒரே கிருமி.

வில்லைகள் வைத்தார். எலும்பு டாக்டரின் பெரிய மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி விளிம்புவரை வந்து உட்கார்ந்திருந்தது. கூட ஏற்றிய இன்னொரு பெரிய மருந்தோ இந்த ஜாதிக் கிருமியைத் தொடவே தொடாது. அதற்குப் பக்கத்து வில்லையிலும் வட்டமில்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. தட்டின் ஓரத்தில், யாரும் இப்போதெல்லாம் சீண்டாத ஒரு பழைய மருந்தைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். அவர் அளந்தார். பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டு அவரையும் அளக்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"இதையா?" என்றார் எலும்பு டாக்டர். "மேடம், இது முகப்பருவுக்குக் குடுக்கற மாத்திரை!"

"குடுங்க சார். கூட இன்னொரு பழைய மருந்தும் சேக்கணும், சொல்றேன், எழுதிக்குங்க. பெரிய மருந்து ரெண்டையும் திரும்பத் தொடாதீங்க. அது நாளைக்கு வேற யாருக்காவது நிஜமாவே வேணும்."

கால் தங்கிவிட்டது. தகடு இருந்த இடத்தில் இப்போது வெளியிலிருந்து குத்திய கம்பிகள் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சீழ் நின்று, தோல் மூடி, வேன்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடியே இல்லாத பிரேக்கை மிதித்துக் காட்டுகிறார். மனைவி கீழே லேப்புக்கு வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்ததும் கதவுக்கு வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் சந்தோஷம். திருப்பியனுப்பியைத் தவிர.

ஏனென்றால் அந்தத் தட்டை அவருக்கு முன்பே தெரியும். எந்த மருந்துக்கு மடங்கும், எதற்கு மடங்காது என்ற அதே வரிசையோடு, அதே எலும்பு வார்டிலிருந்து, இடுப்பு முறிந்த ஒரு பாட்டியிடமும் முழங்கை உடைந்த ஒரு கொத்தனாரிடமும் அதே கிருமியை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பாட்டி பிழைக்கவில்லை. வேன்காரர் அந்தக் கிருமியோடு உள்ளே வரவில்லை. முறிந்த எலும்போடு மட்டுமே வந்தார். கிருமியை இங்கேதான் கொடுத்தார்கள், கட்டிலுக்குக் கட்டில், கை வழியாக. இதை அவர் நிர்வாகத்துக்கு நேரிலேயே போய்ச் சொன்னார். கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டு, 'கைகளைக் கழுவுவோம்' என்று சிரிக்கும் குழந்தை இருக்கும் வண்ணப்படம் ஒன்றை வரவேற்பறையில் மீன்தொட்டிக்கு மேலே மாட்டினார்கள். எலும்பு வார்டில் கை கழுவுகிற இடத்தில் சோப்பு தீர்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. அதை மாற்ற யாருக்கும் உத்தரவு போகவில்லை. மீனுக்குத் தண்ணீர் மட்டும் தவறாமல் மாறிக்கொண்டிருந்தது.

படம் மாட்டிய மறுநாள் காலை அவர் மறுபடி மாடி ஏறினார். எலும்பு டாக்டர் சின்ன டாக்டர்கள் புடைசூழ ரவுண்ட்ஸில் இருந்தார். வேன்காரரின் கால்கட்டைப் பிரித்து, காய்ந்த தழும்பை வெறும் விரலால் இங்கேயும் அங்கேயும் அழுத்திப் பார்த்து, "பாத்தீங்களா, எப்படி ஆறியிருக்கு! எல்லாம் மேடம் தயவு" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். நிஜமாகவே மனசாரத்தான் சொன்னார். வேன்காரர் கையைத் தட்டினார். திருப்பியனுப்பி அந்த வெறும் விரலைப் பார்த்தார்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கல்லூரிப் பெண், முந்தைய நாள்தான் மணிக்கட்டில் ஆபரேஷன் ஆனவள், தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "என்னம்மா, எப்படி இருக்கு, காட்டு பாக்கலாம்" என்று எலும்பு டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பி, கட்டைப் பிரிக்கக் கையை நீட்டினார்.

கை போய்ச் சேரவில்லை. திருப்பியனுப்பி நடுவில் வந்து எலும்பு டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சின்ன டாக்டர்கள் வாயைப் பிளந்து பார்த்திருக்க, அவ்வளவு பெரிய மனிதரைக் கையைப் பிடித்துக் கட்டில்களுக்கு நடுவே நடத்திக்கொண்டு போய், சுவரோரத் தொட்டியின் முன்னால் நிறுத்தினார். குழாயைத் திறந்துவிட்டார். தன் கோட்டுப் பையிலிருந்து புதுச் சோப்புக்கட்டி ஒன்றை எடுத்து, உறையைக் கிழித்து, அவர் உள்ளங்கையில் வைத்தார்.